பதினேழாம் நம்பர் மரத்தின் பயம்

மகரந்தம் பறக்கும் பருவம் வந்தாலே விதைத் தோப்பின் பதினேழாம் நம்பர் பைன் மரத்துக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். நல்ல வம்சம் என்று பொறுக்கியெடுத்து, விதைக்காகவே வேலிக்குள் வளர்த்த மரம் அது. வேலிக்கு அப்பால், சரிவு முழுக்கக் கோணல்மாணலான காட்டுப் பைன்கள் மஞ்சள் மகரந்தத்தை உதறிக்கொண்டு நின்றன.

"அண்ணே, இந்தப் பத்து நாள் மட்டும் அந்தப் பக்கமிருந்து வராதீங்க," என்று காற்றிடம் கெஞ்சியது மரம். "அதுங்க தூள் ஒரு பொட்டு விழுந்தாலும் என் விதையைக் கலப்படம்னு ஒதுக்கிடுவாங்க."

"நான் பக்கம் பாத்தா வீசறேன்?" என்றது காற்று.

"உங்களுக்குத் தெரியாதுண்ணே. அதுங்ககிட்ட ஒரு சொட்டுத் தண்ணிகூட வாங்கிக் குடிச்சதில்லை, எங்க வம்சம்."

மரத்தின் வேர் மண்ணுக்குள்ளிருந்து பேசியது. "தாயி, நானும் அந்தச் சரிவுக்காரன்தான். என்னை இடுப்போட வெட்டித்தான் மேல உன்னை ஒட்டுக் கட்டினாங்க. பன்னிரண்டு வருஷமா உனக்குத் தண்ணி ஏத்துறேன். இன்னிக்கு நிறுத்திடட்டுமா?"

மரம் அவசரமாகக் கிளைகளைத் தாழ்த்தியது.

"நிறுத்திடாதே," என்று கிசுகிசுத்தது. "ஆனா மெதுவாப் பேசு. காத்து கேட்டுடப் போகுது."