ஓரத்தில் எழுதியவள்

"டீச்சர், கழுவெளி ஏரிப் பக்கம் மட்டும் போயிடாதீங்க," என்றான் தேவநாதன். மழையில் ஓடி வந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

மழைக்காகப் பள்ளிக்கூடத்தை மதியமே விட்டிருந்தார்கள். வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்த சுலோசனா டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தத் தண்ணியில எனக்கு இன்னாப்பா வேலை? நான் கோட்டக்குப்பம் பஸ்ஸுக்குப் போறேன்."

அவன் சாக்குத் துணியில் சுற்றியிருந்த தடித்த புத்தகத்தை எடுத்தான். தொள்ளாயிரம் பக்கம். எண்ணூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து நீட்டினான். "இது உங்க எழுத்துதானே?"

ஓரத்தில் பென்சிலால் பொடியாக எழுதியிருந்தது. 'மழை வந்து கழுவெளி நிறையட்டும். இவளைப் போல நானும் இறங்கி நடந்துவிடுவேன். யாரும் தேட மாட்டார்கள்.'

டீச்சரின் முகம் மாறியது. "சத்தியமா நான் இல்ல. இவ்ளோ பெரிய புத்தகத்தைத் தூக்கினாலே எனக்குக் கை வலிக்கும். யாரா இருந்தாலும் சீக்கிரம் கண்டுபிடி. மூணு நாளா ஊத்துதே!"

நூலகத்துக்குப் போகும் பெண் என்று மரக்காணத்தில் அவனுக்குத் தெரிந்தவள் டீச்சர் ஒருத்திதான். அவளும் இல்லை என்றதும் புத்தகத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மறுபடி மழையில் இறங்கினான்.

தேவநாதன் உப்பளத்தில் மேஸ்திரி. ஏதோ ஒரு பனி நாட்டு நாவலின் அந்த மொழிபெயர்ப்பைச் சித்திரையில் நூலகத்திலிருந்து எடுத்து வந்தான். ஒட்டியிருந்த தாள்களை பிளேடால் பிரிப்பதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பிரித்த பிறகும் நாவல் அவனை உள்ளே விடவில்லை. ஒரே ஆளுக்கு மூன்று பெயர். ஒரு விருந்து நாற்பது பக்கம் தாண்டியும் முடியவில்லை. அறுபதாம் பக்கத்திலேயே நான்கு நாள் தூங்கிப் போனான்.

ஐந்தாம் நாள், அடுத்த பக்கத்தின் ஓரத்தில் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தான். 'இங்கே தூக்கம்தான் வரும். விட்டுவிடாதீர்கள். தொண்ணூறாம் பக்கத்தில் ஏரி வருகிறது.' ஏரி வந்தது. இன்னொரு இடத்தில், 'பெயர்களை விடுங்கள். யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.' அதன் பிறகுதான் நாவலின் மனிதர்கள் அவனுக்குத் தனித்தனியாகத் தெரிந்தார்கள்.

பனியையே பார்த்திராதவனுக்கு உப்புக் குவியலெல்லாம் பனியாகத் தெரிந்தது. கல்யாணம் நிச்சயமாகும் பக்கத்தில், 'எங்களை யார் கேட்டார்கள்?' என்றிருந்ததைப் பார்த்து, எழுதியது ஒரு பெண் என்று புரிந்துகொண்டான். அவள் முன்னால் நடக்க, அவள் கால்தடம் பார்த்து நடப்பதுபோல் படித்தான்.

நேற்று அந்தப் பக்கம் வந்தது. கதையின் நாயகி அடுப்பை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, உறைந்து கிடந்து உருகத் தொடங்கிய ஏரிமேல் தனியாக நடந்து போனாள். ஓரத்தில் கழுவெளி பற்றிய அந்தப் பென்சில் வரிகள்.

நூலகம் நாலு மணிக்குத்தான் திறக்கும். வீட்டுக்கு வந்தவனிடம் அவன் மனைவி பாஞ்சாலை துண்டை நீட்டினாள். நேற்றே அவளிடம் அதைப் படித்துக் காட்டியிருந்தான்.

"டீச்சரம்மா இல்லியாமா?"

"இல்லியாம். எனக்கு முன்னால இதை எடுத்தவ யாருன்னு நூலகத்துல கேக்கணும்."

"எவளோ ஒருத்திக்காக இப்படி நனையுறீங்களே."

"எவளோ ஒருத்தி இல்ல. ஆறு மாசமா எங்கூடப் பேசிக்கிட்டு வர்றா. உனக்கு இதெல்லாம் புரியாது பாஞ்சாலை."

பாஞ்சாலை அடுப்படிக்குத் திரும்பினாள். அவளுடைய அம்மாவுக்குப் போடும் கடிதத்தைக்கூட அவள் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுவான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

தட்டை எடுத்தபடி கேட்டாள். "கண்டுபிடிச்சா அவகிட்ட இன்னா சொல்லுவீங்க?"

"போவாதேன்னு சொல்லுவேன். நீ எழுதுனது ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். நீ இல்லாம இவ்ளோ தூரம் வந்திருக்க மாட்டேன். அப்படிச் சொல்லுவேன்."

பாஞ்சாலை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கவே மறந்துபோனாள்.

"சாப்புட்டுப் போங்க."

"வந்து சாப்புடுறேன். உயிரு போற விஷயம்."

"அப்ப சீக்கிரம் வந்துடுங்க," என்றாள். "சோறு ஆறாம மூடி வெக்கிறேன்."

நாலு மணிக்கு நூலகர் சிவப்பிரகாசம் பூட்டைத் திறந்தபோது தேவநாதன் படியில் சொட்டச் சொட்ட நின்றான். உள்ளே போவதற்கு முன்பே புத்தகத்தை விரித்துப் பிடித்தான்.

"சார், எனக்கு முன்னால இதை எடுத்துட்டுப் போன பொம்பளை யாரு? வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க, இப்பவே ஓடறேன்."

சிவப்பிரகாசம் பக்கங்களைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது. "டேய், இன்னாடா இது? புத்தகம் பூரா இப்படியா எழுதி வெப்பே?"

"ஐயோ, நான் எழுதல சார். எனக்கு முன்னால படிச்சவங்க."

"முன்னாலயா?" சிவப்பிரகாசம் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். "புதுசா வந்த பார்சலைப் பிரிச்ச அன்னிக்கே நீதானே தூக்கிட்டுப் போனே. உன் வீட்டைத் தவிர இது வேற எங்கயும் போகலையேப்பா."