நாற்காலிச் சண்டை

"வந்துட்டா பாரு சண்டைக்காரி. அந்த வாய்க்கு பயந்துதான் ஷாபான் தலாக் சொல்லிட்டு ஓடியிருப்பான்" என்றார் வாசல் காவலர், என்னிடம் டீயை வாங்கிக்கொண்டே.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரிஹாம் உள்ளே வந்துகொண்டிருந்தாள். ஷுப்ரா இளைஞர் மன்றத்தில் டீ விற்கிறவளுக்கு வெள்ளிக்கிழமை வாயைத் திறக்க ஏது நேரம்?

பிரிந்துபோன தகப்பன்மார் பிள்ளைகளை அங்கே வந்துதான் பார்க்க வேண்டும். கோர்ட் உத்தரவு. இரண்டிலிருந்து ஐந்து மணி வரை. மேற்பார்வைக்கு நஜ்வா மேடம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஷாபானுக்கு ரொட்டிக் கடையில் வேலை. அன்றைக்கும் மூன்றரைக்குத்தான் மாவு ஒட்டின கையோடு ஓடி வந்தான். மகள் மலக்குக்கு சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தான்.

"லேட்டா வந்தா அவன் தலையெழுத்து. அஞ்சுன்னா அஞ்சுதான். ஒரு நிமிஷம் கூடினாலும் வக்கீல்கிட்ட போவேன்." வாசலில் காரில் சாய்ந்து நின்ற ஹம்தி சொன்னான். ரிஹாமின் அண்ணன் அவன்.

ரிஹாம் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"விட்டுடாத பாபா! விழுந்துடுவேன்!" மலக்கின் குரல் மட்டும் கேட்டது.

ஐந்து அடிக்கப் போகும்போது ரிஹாம் எழுந்து மேஜைக்குப் போனாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு பிள்ளையைக் கூட்டிட்டுப் போம்மா" என்றார் நஜ்வா மேடம்.

"கையெழுத்து கிடக்கட்டும். எனக்கு மட்டும் ஏன் கால் ஆடுற நாற்காலி?"

"ஆடாம உட்கார்ந்தா அதுவும் ஆடாது."

"என் உடம்பைச் சொல்றீங்களா?"

"உடம்பு உன்னது. நாற்காலி அரசாங்கத்தோடது."

"அப்ப அரசாங்கத்தைக் கூப்பிடுங்க! நியாயம் கிடைக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்!"

கையெழுத்து இல்லாமல் பிள்ளையை அனுப்ப முடியாது. காவலர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"விடாத ரிஹாம்! நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு!" வாசலிலிருந்து ஹம்தி கத்தினான்.

நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக் காலைத் தட்டிப் பார்த்தார்கள். வேறொன்று வந்தது. அதற்கு முதுகு சரியில்லையாம். இன்னொன்று வந்தது. அதில் ஆணி குத்துகிறதாம். என்னையும் சாட்சிக்கு இழுத்தார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

நஜ்வா மேடம் மட்டும் அவ்வப்போது ரிஹாமின் தோளுக்கு மேலாக மைதானத்தைப் பார்த்தார்.

ஆறு மணிக்குமேல்தான், "போதும், போடு" என்றார்.

ரிஹாம் மறுபேச்சில்லாமல் போட்டாள். ஹம்தி, வழக்கில் ஜெயித்தவன் மாதிரி காரைக் கிளப்பப் போனான்.

அவள் திரும்பிப் பார்க்காமலே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தனியா ஓட்டினாளா?"

"ரெண்டு சுத்து. விழல."

நஜ்வா மேடம் பேனாவை மூடினார்.

"அடுத்த வாரம் மின்விசிறியை வச்சுக்குவோம். மறுபடியும் நாற்காலின்னா உங்க அண்ணனுக்கே சந்தேகம் வந்துடும்."