கியர் விழும் வரை

மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவன் கியரை 'டி'க்குத் தள்ளிப் பிரேக்கை விடுகிறான். எஞ்சின் முனகுகிறது, பழைய ஆட்டோமேட்டிக் கார் அசையவில்லை. கால் ஆக்ஸிலேட்டருக்குத் தாவுகிறது. "மிதிக்காதீங்க. கொஞ்சம் பொறுத்தா கியர் தானா விழும்னு மெக்கானிக் சொன்னாரில்ல?" என்கிறாள் பக்கத்தில் நிறைமாதமாக இருக்கும் மனைவி, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தபடி. அவன் காலை எடுத்துக்கொள்கிறான். விடிகாலை மழை கண்ணாடியில் வழிய, தெருவிளக்கின் மஞ்சள் ஒளி கரைந்து அவள் கன்னத்தில் மெல்ல ஊர்கிறது. கியர் பிடித்த அவன் கைமேல் அவள் கை வந்து அமர்கிறது. இந்த வீட்டு வாசலில் அவர்கள் இருவர் மட்டுமாக இருப்பது இதுதான் கடைசி என்று தோன்ற, அவனுடைய பதற்றம் எங்கோ கழன்று போகிறது. சின்னக் குலுக்கலோடு கார் முன்னே நகர்கிறது. "அப்பாடா, வந்துடுச்சு!" என்கிறான். "இல்லைங்க, இன்னும் வரலை" என்று வயிற்றைத் தடவிச் சிரிக்கிறாள் அவள்.