லா ரோஷலில் நாலாம் நாள்

"மெல்லமாக் கதையும். நாங்கள் இப்ப லா ரோஷலிலை நிக்கிறம்," என்றார் உருத்திரமூர்த்தி.

"லா ரோஷலிலை நிண்டால் ஏன் மெல்லமாக் கதைக்கோணும்?" என்று கேட்டாள் கலாவதி.

"கீழ்வீட்டு மனிசிக்குக் கேட்டால் பிள்ளைக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போடும்."

கீழ்வீட்டு மனிசி இருந்தது பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில். அவளுக்கு நேர் மேலே, தங்கள் மூன்றாம் மாடி வீட்டில், பட்டப்பகலில் யன்னல் அடைப்புகளையெல்லாம் இறக்கிவிட்டுக் கட்டில் ஓரத்தில் புருசனும் பெண்சாதியும் குந்தியிருந்தார்கள். மேற்குப் பிரான்சின் பழைய நகரங்களை அவர்கள் காரில் சுற்றிப் பார்ப்பது நான்கு நாட்களாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பயணம் மகள் தக்ஷிகாவின் பரிசு. ஓர்லிகோனில் வேலை கிடைத்துத் தனியே போன கையோடு, பெற்றோரின் முப்பதாவது கலியாண நாளுக்கென்று ஊர் ஊராக ஹோட்டல் பதிந்து கொடுத்திருந்தாள். "அப்பாக்கு என்ன பயம்? ஆறு நாட்டு எல்லையைச் சிரிச்சுக்கொண்டு கடந்து வந்தவர்," என்று சிநேகிதிகளிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தச் சிரிப்பு, அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது சோறு தீத்தி ஊட்டும்போது கதையில் மூர்த்தி சேர்த்துக்கொண்ட பொய். உண்மையில் அகதியாக, லொறிக்குள் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தவர் அவர். அதன்பிறகு கலியாணவீடோ செத்தவீடோ, வெளிநாடு என்றால் விமானம்தான். கேட்டவர்களுக்கு, "கார் ஓடினால் நாரி நோகும், பிறகு நிமிர ஏலாது" என்றார்.

முப்பத்து நான்கு வருடம் கழித்து, சட்டைப்பையில் இந்த நாட்டுச் சிவப்புக் கடவுச்சீட்டுடன் வல்லோர்ப்பில் பிரான்ஸ் எல்லையை நெருங்கியபோது, சீருடைக்காரன் ஒருவன் கையைத் தூக்கினான். எது பிரேக், எது கிளட்ச் என்பதே மூர்த்தியின் காலுக்கு மறந்துபோனது. எப்படியோ காரைத் திருப்பிவிட்டார்.

"அவன் 'போ' எண்டுதானே கை காட்டினவன்," என்றாள் கலாவதி, நாலாம் நாளும்.

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை."

அன்றிலிருந்து காரை மூன்று தெரு தள்ளி மறைத்து வைத்தாயிற்று. வெங்காயம் வதக்கினால் வாசம் மாடிப்படி முழுவதும் போய்க் காட்டிக்கொடுத்துவிடும் என்று பாணும் ஜாமும்தான் சாப்பாடு. மேல்வீட்டுக்காரர் கழிப்பறைத் தண்ணீரைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் இவர்களும் திறந்தார்கள். இணையத்தில் தேடிப் பிடித்து சோமூர்க் கோட்டை, புவாத்தியேத் தேவாலயம், சாந்த் நகரத்து ரோமர் வளைவு என்று நாளுக்கொரு படம் மகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. சொந்த ஊரில் அகதியாக ஒளிந்திருப்பதில் தனக்கு இணை இல்லை என்று மூர்த்திக்கே ஒரு கட்டத்தில் தோன்றியது.

கைபேசி அதிர்ந்தது. தக்ஷிகாதான்.

"அப்பா, அங்கை வெய்யிலோ?"

அடைப்பின் இடுக்கால் எட்டிப் பார்த்தார். பூம்ப்ளிஸில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல வெய்யில் பிள்ளை," என்று எழுதி, லா ரோஷல் துறைமுகத்துக் கோபுரங்கள் இரண்டையும் அனுப்பிவைத்தார்.

"நாலு நாளாக் கட்டடம்தான் வருது. உங்கள் ரெண்டுபேரையும் காணேல்லை."

"அம்மாதான் படம் எடுக்கிறா."

"அப்ப நீங்கள்?"

"நான் கோபுரத்துக்கு உள்ளுக்கை நிண்டனான்," என்று எழுதினார்.

கலாவதி எட்டிப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "இஞ்சாருங்கோ, உள்ளதைச் சொல்லிவிடுங்கோ. பிள்ளை சிரிக்காது."

"சிரிச்சால் பரவாயில்லையப்பா. இவ்வளவு காலமும் என்னைப் பெரிய வீரனெண்டு பாத்த பிள்ளை, ஐயோ பாவமெண்டு பாத்தால் நான் எங்கை கொண்டுபோய் முகத்தை வைக்கிறது?"

கலாவதி பதில் சொல்ல வாயெடுக்கும்போது வெளியே லிப்ட் நிற்கும் சத்தம் கேட்டது.

காலடிகள் நேராக வந்து இவர்களின் கதவடியில் நின்றன. மணி அடித்தது.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கலாவதியின் விரல்கள் அவருடைய கையை இறுக்கின. மணி திரும்பவும் அடித்தது. வெளியே சாவிக்கொத்துக் குலுங்கியது. வீட்டுச் சாவி இன்னொன்று இருந்தது ஒரே ஒரு ஆளிடம்தான்.

மூர்த்திக்குக் கட்டில் லொறியாகிவிட்டது. லொறி நிற்கிறது. சப்பாத்துகள் சுற்றி வருகின்றன. மேலே மூடிய படங்கை யாரோ தூக்கப் போகிறார்கள். அவருடைய கை தானாகவே எழும்பி வாயைப் பொத்தியது.

சாவி துவாரத்துக்குள் நுழையவில்லை. தரையில் ஏதோ வைக்கப்பட்ட மாதிரி பை ஒன்று சரசரத்தது. பிறகு காலடிகள் திரும்பிப் போயின. லிப்ட் கதவு மூடிக்கொண்டது.

"பிள்ளை போயிட்டாள்," என்று மூச்சுவிட்டார் மூர்த்தி. "தப்பியிட்டம்."

கைபேசி மறுபடியும் அதிர்ந்தது.

"அப்பா, நீங்கள் வந்து சேரேல்லையெண்டு சோமூர் ஹோட்டல்காரர் முதல் நாளே எனக்குப் போன் அடிச்சவங்கள், மிச்ச ஹோட்டலையெல்லாம் அண்டைக்கே நிப்பாட்டிப்போட்டன். கதவடியிலை புட்டும் மீன்கறியும் வைச்சிருக்கிறன். நான் ட்ராம் ஏறினாப்பிறகு திறந்து எடுங்கோ, ஆனால் கனக்க நேரம் விடாதையுங்கோ, லா ரோஷலிலை புட்டுக் கெதியா ஆறிப்போம்."