கட்டைவிரலில் ஒரு பட்டை

முதுகெலும்பு ஆபரேஷன் நடக்கும்போது, நோயாளியின் கால் தசைத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்து, அது நின்றால் நரம்புக்கு ஆபத்தென்று டாக்டரிடம் உடனே சொல்வதுதான் என் வேலை. துடிப்பைப் பிடிக்க ஊசி குத்தலாம்; ஒட்டுப்பட்டையும் ஒட்டலாம். ஊசி நழுவாது. ஆனால் பஸ் கண்டக்டர் ஞானசிகாமணி, "ஊசின்னா பயம்ணே, விட்ருங்க" என்று கும்பிட்டதால் பட்டையை ஒட்டினேன்.

பாதியில், திரையில் இடதுகால் கோடு படுத்துவிட்டது.

"என்னய்யா, கால் பேசுதா?" என்றார் டாக்டர்.

பட்டை வியர்வையில் கழன்றிருக்கும், ஏன் ஊசி குத்தவில்லை என்று திட்டுவாரே என்று, "பேசுது சார்" என்றேன். ஆறு நிமிடம் கழித்துத் துணிக்கடியில் கைவிட்டேன். பட்டை அப்படியே ஒட்டியிருந்தது. அதன் பிறகு டாக்டரிடம் சொல்லி என்ன பயன்?

கண்டக்டர் இடதுகாலை இழுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். ஆபரேஷன் முடிந்து உரித்த பட்டை அன்றே என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. வெந்நீர், மண்ணெண்ணெய், எதற்கும் அசையவில்லை. பதினோரு வருடமாக, அவர் எங்கே அடியெடுத்து வைத்தாலும் என் விரல் துடிக்கிறது.

இன்று விடிந்ததிலிருந்து துடிக்கவில்லை.

காப்பி கொண்டுவந்த என் மனைவி, "என்ன, உங்க கண்டக்டர் நடக்குறாரா?" என்றாள்.

"நடக்குறார்" என்றேன்.

பட்டை அப்படியே ஒட்டியிருந்தது.