புள்ளி வைத்த சாட்சி

முதல் பரிசு பெற்றவர் அதைத் திருப்பிக் கொடுக்க மாடிப்படி ஏறி வந்தால், உள்ளே ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் தேவையில்லை. கோவிந்தராஜுலுவே போதும்.

கணபதி வட்டாரத்தில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இயங்கியது கொங்கு வனவெளி எழுத்தாளர் – புகைப்படக் கலைஞர் சங்கம். உறுப்பினர் இருபத்து மூன்று பேர். காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பதினைந்து, படம் எடுக்கிறவர்கள் ஏழு, இரண்டும் செய்யாதவர் தலைவர். செயலாளர் கோவிந்தராஜுலு எட்டு வருடமாகப் படப் போட்டியில் கலந்துகொண்டு, எட்டு வருடமும் இரண்டாம் பரிசு வாங்கியவர்.

1994-இல் அவருடைய காட்டு யானையைத் தோற்கடித்தது ஒரு சிறுத்தை. ஆனைமலைத் தென்னந்தோப்புக்காரர் பொங்கியண்ணன் தை மாதம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். புல்லுக்குள் பாதி முகம், முழு முறைப்பு.

இப்போது சித்திரை. பரிசளிப்புக்கு ஒரு வாரம் இருக்கையில், கையில் விழா அழைப்பிதழோடு வந்து நின்றார் பொங்கியண்ணன்.

“ஏனுங்க செக்ரட்டரி, இந்தப் பரிசு எனக்கு வேண்டாமுங்க. படத்தைச் செவுத்துல இருந்து கழட்டிப்போடுங்க.”

“ஏனுங்க, என்னாச்சு?”

“ரேஞ்சரை எதுக்குங்க தலைமை தாங்கக் கூப்பிட்டீங்க? எப்பவும் போல மில்லுக்காரர் ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கலாமுங்களே?”

கோவிந்தராஜுலுவின் மண்டைக்குள் ஃப்ளாஷ் அடித்தது. நடுவர்கள் மூவரும் சிறுத்தையைப் பாடப் புத்தகத்தில் பார்த்தவர்கள். ரேஞ்சரோ காட்டிலேயே பார்த்தவர். அவர் கண்ணில் இந்தப் படம் பட்டால்...

“கழட்டிரலாமுங்க. ரேஞ்சர்கிட்ட ஒருக்கா காட்டிப்போட்டுக் கழட்டிரலாம்.”

பொங்கியண்ணன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“அது சிறுத்தை இல்லீங்க.”

“பின்னே?”

“எங்க தோப்பு நாயிங்க. புள்ளி வெச்சு எடுத்துப்போட்டனுங்க.”

கோட்டைமேட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த பொருளாளர் அப்துல் நாசர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். “வாலைப் பாருங்க செக்ரட்டரி. நாயின்னு நம்பவே முடியலீங்களே.”

“பாய், நீங்க கல்யாண போட்டோ எடுக்கறவரு. வாலைப் பத்திப் பேசாதீங்க.”

ஆனாலும் கோவிந்தராஜுலு சட்டப்படி நடப்பவர். விசாரணை என்றால் சாட்சி வேண்டும். நாயை ஆஜர்படுத்தச் சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் நாயை ஏற்ற மறுத்துவிட்டதால், ஆனைமலையிலிருந்து மொபெட்டிலேயே கொண்டுவந்தார் பொங்கியண்ணன். உடம்பெங்கும் கரும்புள்ளிகள். வேடிக்கை பார்க்கப் பட்டறையில் லேத்துகளை நிறுத்தினார்கள். நாய் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கோவிந்தராஜுலு அதன் முதுகைத் தடவினார். விரலெல்லாம் தலைச்சாயம் ஈரமாக ஒட்டியது. “இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்!” என்று அந்த விரலாலேயே விசாரணை அறிக்கையில் ரேகை வைத்தார்.

பொங்கியண்ணன் மன்னிப்புக் கடிதம் எழுதினார். ‘நான் காட்டுப் பக்கமே போகவில்லை’ என்ற வரியை, யாரும் கேட்காமலேயே இரண்டு முறை எழுதி அடிக்கோடும் போட்டார். ஏமாற்றுக்காரரிடமும் எவ்வளவு நேர்மை என்று கோவிந்தராஜுலுவுக்கே மனம் இளகியது. அந்த இளகிய மனத்தோடு அவரைச் சங்கத்தை விட்டு நீக்கினார். முதல் பரிசு, வேறு வழியில்லாமல், இரண்டாம் பரிசுக்காரருக்குப் போனது.

விழா அன்று மாடி நிறைந்திருந்தது. முதல் பரிசுக்காரர், படம் எடுத்த கதையை மேடையில் சொல்ல வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். பட்ட கஷ்டத்தை மூன்றால் பெருக்கிச் சொல்ல வேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத வழக்கம். கோவிந்தராஜுலு எட்டு வருடமாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பேச்சு அது. காடு தெரிந்த ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதில் குரல் தானாக ஏறியது.

“செக்போஸ்ட்டுல ஒருத்தன் கண்ணுலயும் படாம, வாழைத்தார் லாரிக்குள்ள பதுங்கிச் சரணாலயத்துக்குள்ள போனனுங்க! ஒரு நாளில்ல, மூணு நாளு! பத்தடி தூரத்துல யானை! அது நகரலே, நானும் நகரலே!”

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. எல்லாரையும் விட பலமாகத் தட்டியவர், பொதுமக்களில் ஒருவராகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணன்.

ரேஞ்சர் மட்டும் தட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். “அருமையாப் பேசுனீங்க. பர்மிட் இருக்குதுங்களா?”

கோவிந்தராஜுலு குரலை இறக்கினார். “ஒரே நாளுதானுங்க போனேன். மீதியெல்லாம் சும்மா சபைக்காகச் சொன்னதுங்க.”

ரேஞ்சர் மூன்று நாளையும் தனித்தனியாகவே எழுதிக்கொண்டார். பரிசுக் கேடயத்தையும் யானைப் படத்தையும் ஆதாரமாகக் கையில் எடுத்துக்கொண்டு, கோவிந்தராஜுலுவைக் கீழே ஜீப்புக்கு அழைத்துப் போனார்.

“உங்களுக்கென்னங்க, நாயை வெச்சுத் தப்பிச்சுட்டீங்க” என்றார் கோவிந்தராஜுலு, ஜீப்பின் பின்பக்கம் ஏறியபடி, வழியனுப்ப வந்த பொங்கியண்ணனிடம்.

பொங்கியண்ணன் ரேஞ்சர் இருந்த முன் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோவிந்தராஜுலுவின் காதோரம் குனிந்தார்.

“வெசனப்படாதீங்க செக்ரட்டரி, நானும் அந்த நெசச் சிறுத்தையை அதே சரணாலயத்துல பர்மிட் இல்லாமத்தானுங்க எடுத்தேன், நாய்க்குச் சாயம் பூசுனா சங்கத்தை உட்டுத்தான் தள்ளுவாங்க, ஜெயில்ல தள்ள மாட்டாங்கன்னு அழைப்பிதழைப் பார்த்தப்புறந்தான் புள்ளி வெச்சேன்!”