பள்ளத்து வீடு

"எங்களைக் கேக்காம எவன் போட்ட மேப்புடா இது?"

மயில்சாமி போட்ட சத்தத்தில் கல்யாண மண்டபம் கப்சிப் ஆனது. நாலு வருஷமாகத் தெருவுக்குள் மழைத்தண்ணீர் புகுகிறது. அவர் ஏழு மனு கொடுத்த பிறகுதான் மாநகராட்சிக்கு மக்கள் கருத்து ஞாபகம் வந்திருக்கிறது. அதுவும் டீ, பிஸ்கட்டோடு.

"கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவை நீங்க சொல்றபடிதான் வடிகால் போடப்போறோம்," என்று இளம் இன்ஜினியர் எழுந்தாள். "நான் சண்முகப்பிரியா. பக்கத்துல ஆட்டையாம்பட்டிதானுங்க."

மயில்சாமி உட்கார்ந்துவிட்டார்.

சுவரில் தெருவின் பெரிய வரைபடம். அவரவர் வீட்டில் தண்ணீர் நின்ற உயரத்துக்குத் தக்கபடி சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். காளியாத்தாள் முதலில் போய் மூன்று ஒட்டினாள். போன மழையில் அவள் தறிக்குழி நிரம்பி, பாவு நூல் முழுக்க நாறிப்போனது. இன்னொரு மழை வந்தால் தறியே மிஞ்சாது.

கடைசியாக மயில்சாமி முறை. தெருக்கோடிப் பள்ளத்தில், போன வாரம் வெள்ளையடித்த வீடு அவருடையது. பத்துப் பொட்டாவது ஒட்டுவார் என்று தெருவே காத்திருந்தது.

"உங்க ஊட்டுல எவ்வளவு தண்ணிங்க?"

"எங்க ஊட்டுலயா? ஒரு சொட்டு வந்ததில்லீங்க."

மண்டபமே வாயைப் பிளந்தது. போன ஐப்பசியில் அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தவர்களே அங்கே நாலு பேர் இருந்தார்கள்.

சண்முகப்பிரியா மற்ற பொட்டுகளைச் சந்தேகமாகப் பார்த்தாள். "பள்ளத்து ஊட்டுக்கே வராத தண்ணி, மேட்டு ஊடுகளுக்கு எப்படிங்க வந்துச்சு?"

கட்டில் தூக்கியவர்களில் ஒருவர் எழப்போக, மயில்சாமி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். சண்முகப்பிரியா வரைபடத்தைச் சுருட்டினாள். "சரி, அடுத்த தெருவைப் பார்க்கலாம்."

வாசலில் காளியாத்தாள் மயில்சாமியை மறித்துக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா, இது உங்களுக்கே நல்லா இருக்குதா? உங்களை நம்பித்தான தெருவே வந்துச்சு! புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"கத்தாத சாமி." அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நம்ம பையன் கதிர்வேலுக்கு முப்பத்தாறு முடிஞ்சுபோச்சு. இப்பத்தான் ஒரு எடம் அமைஞ்சிருக்குது. ஞாயித்துக்கிழமை ஊடு பார்க்க வாராங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"பொண்ணுக்கு அக்கா அந்த இன்ஜினியரம்மாதான்."